எண்ணெய்க்கு ஏங்கும் மூட்டு

சென்னை மாநகரின் வீதிகளில் 1960களிலும் 1970களிலும் நடமாடியவர்களுக்கு ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் கார் நன்கு நினைவிருக்கும். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் 1961 முதல் உருவாகி வெளிவந்த வண்டி அது. உருவத்தில் சிறியது, ஆயினும் குறுகிய தெருவில், மற்ற வண்டிகள் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை போய்வந்து திரும்பும் இடத்தில், அது ஒரே சுற்றில் திரும்பிவிடும். அதன் பானெட்டைத் திறக்கும் விதமும் தனி. மூடி மட்டும் மேலெழாது. மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட முன்புறத் தகடு முழுவதும் முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரங்களும் அவற்றைப் பிடித்திருக்கும் கைகளும் வெட்டவெளியில் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

அந்த ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ஒரு தங்கை உண்டு. ‘டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்னும் திறந்த விளையாட்டுக் கார்தான் அது. 1962 அக்டோபரில் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1980 வரை கவென்ட்ரி நகரத்துக் கேன்லி தொழிற்சாலையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. இருவர் மட்டுமே அமரலாம். மேனியின் வடிவம் இத்தாலியராகிய ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. ஹெரால்டுக்கு வடிவம் தந்தவரும் அவரே. மேனி புதிதாயினும் முன்சக்கர அமைப்பும் ஸ்டியரிங்கும் ஹெரால்டிலிருந்து எடுத்தவை. புதிதாக ஒன்றைச் செய்வதற்கு ஆகும் செலவைத் தவிர்க்கவே அப்படிச் செய்தனர். அதனால் தங்கைக்கும் அக்காளின் திரும்பும் திறமை வாய்த்தது. சுமார் 24 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அது திரும்பும். அக்காளின் நோயும் கூடவே வந்தது. அந்த நோயைப் பற்றியும், அதைத் தீர்க்கும் வகையைப் பற்றியுமே இங்கே எழுதுகிறோம்.

பழைய கார் ஒன்றில் ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பியும் முன்சக்கரம் அசையவில்லை என்றால், இடையில் எங்கோ தேய்மானம் இருக்கிறது என்பது பொருள். ஒர்க்‌ஷாப்பில் இதை ‘ஆட்டம்’ என்பார்கள். பொருத்தமான சொல்தான். நேர்ச்சாலையில் வண்டி தானாக இடமும் வலமுமாக அலையும். ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஆட்டம் சிறிது சிறிதாக வளர்வதால் அதை அன்றாடம் ஓட்டுபவருக்கே அது தெரிவதில்லை. கை அதற்குப் பழகிவிடுகிறது. வேறொருவர் வந்து ஓட்டிப் பார்த்துத் திடுக்கிடும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது.

முன்னெல்லாம் அந்த ‘வேறொருவர்’ ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக வருவார். பிரிட்டனில் 1960 முதல் பழைய கார்களுக்கு ஆண்டுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. சக்கரத்தை உயர்த்தி, கம்பியால் நெம்பி, மூட்டுகளின் ஆட்டத்தைப் பார்த்த பிறகே சான்றிதழ் தருவார்கள். 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு இச்சோதனை கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. ஸ்பிட்ஃபயர்களுள் கடைசியானது 1980இல் செய்யப்பட்டது. ஆகவே இன்று ஓடும் ஒவ்வொரு ஸ்பிட்ஃபயரும் அந்த விலக்குக்குரிய வயதைத் தாண்டிவிட்டது. சோதனைக்குத்தான் விலக்கு, வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமைக்கு விலக்கில்லை. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுன் வரை அபராதம் உண்டு. ஆயினும் அபராதம் விபத்துக்குப் பின் வருவது. முன்கூட்டியே குனிந்து பார்ப்பதற்கு இப்போது உடைமையாளரைத் தவிர ஆளில்லை. விரும்பிக் கேட்பவருக்கு அதே சோதனையை இன்றும் செய்து தருகிறார்கள். அதற்கு ஆகும் சிறு தொகையைச் செலவிடுவது நல்லது என்பதே நம் கருத்து.

சரி, ஆட்டம் எங்கே பிறக்கிறது? ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து தண்டு கீழே இறங்குகிறது. அதன் நுனியில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம். அது ரேக் என்னும் பல்வரிசை கொண்ட நீண்ட தண்டை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. ரேக்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடுகள் புறப்பட்டுச் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டுகளின் கைகளைப் பற்றித் திருப்புகின்றன. அந்தச் செங்குத்துத் தண்டு மேலே ஒரு பால் ஜாயின்டிலும் கீழே ‘ட்ரன்னியன்’ என்னும் மூட்டிலும் சுழல்கிறது. எண்ணிப் பார்த்தால் ஓட்டுபவர் கைக்கும் டயருக்கும் இடையே பத்துக்குக் குறையாத மூட்டுகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு தேய்ந்தால்கூட, எல்லாம் சேர்ந்து கைக்கு இரண்டு அங்குல ஆட்டமாக வந்து நிற்கும்.

எனவே, ஆட்டம் தெரிந்தவுடன் கடைக்கு ஓடிப் புது ரேக் வாங்கிப் போடுவது அவசரக்காரர் செயல். முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இருவர் வேண்டும். வீட்டில் உள்ள பிள்ளையோ மனைவியோ போதும், தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. வண்டி தரையில் நிற்கட்டும். இயந்திரம் ஓட வேண்டாம். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமுமாக, டயர் அசையாத அளவுக்குச் சிறிதே ஆட்ட வேண்டும். மற்றவர் பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசைந்தால், ஆட்டம் அங்கேதான். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

பிறகு ஜாக்கியால் முன்புறத்தை உயர்த்தி, கட்டாயம் ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டி உயிரிழந்தவர் எல்லா நாட்டிலும் உண்டு. டயரின் இரு பக்கங்களையும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் தேய்மானம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட், ட்ரன்னியன் ஆகிய மூன்றில் ஒன்று. இம்மூன்றையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் மூட்டு.

இனி ட்ரன்னியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வண்டியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

செங்குத்துத் தண்டு எஃகினால் ஆனது. அதன் கீழ்முனையில் திருகாணிக்கு உள்ளதுபோல் மரை வெட்டப்பட்டிருக்கும். ட்ரன்னியன் செம்புக் கலப்பு உலோகத்தாலான, கைக்குள் அடங்கும் ஒரு கட்டி. அதன் நடுவில் அதே மரையோடு ஒரு குழி. தண்டு அந்தக் குழிக்குள் திருகி இறங்குகிறது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம், போல்ட்டைச் சற்றுத் திருகுவதும் கழற்றுவதும்போல், தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. ட்ரன்னியன் கீழ்க்கையோடு பிணைந்திருக்கிறது; கீழ்க்கையின்மேல் ஸ்பிரிங் நிற்கிறது. இதன் பொருள் என்ன? வண்டியின் முன்பாரத்தில் அந்தப் பக்கத்துப் பங்கு முழுவதும், குழிகளில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும் சேர்த்து, அந்தச் சிறு மரையின்மீதே தொங்குகிறது.

எஃகும் செம்புக் கலவையும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் எண்ணெய் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தேய்வு தெரியாது. இந்த மூட்டுக்கு உரியது கியர் பெட்டிக்கு ஊற்றும் கனத்த எண்ணெய். நம் ஒர்க்‌ஷாப்புகளில் ‘தொண்ணூறு நம்பர் ஆயில்’ என்பார்களே, அந்த வகை. தயாரிப்பாளரின் கையேடு இதைத் தெளிவாகவே சொல்லிற்று: ட்ரன்னியனில் உள்ள சிறு அடைப்பானைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைப் பொருத்தி, கிரீஸ் கன்னில் எண்ணெயை நிரப்பி, மேல்விளிம்பில் எண்ணெய் கசிந்து வரும்வரை செலுத்த வேண்டும். ஏறத்தாழ 6,000 மைலுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை.

இங்கேதான் தவறு நுழைந்தது. நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பது மெக்கானிக்கின் கைப்பழக்கம். அது கெட்ட பழக்கமும் அன்று. நூற்றில் தொண்ணூற்றொன்பது நிப்பிள்கள் கிரீஸுக்காகவே உள்ளன. இது நூறாவது நிப்பிள். கிரீஸ் மரையின் நுண்ணிய இடுக்குகளுக்குள் எண்ணெயைப்போல் ஊர்ந்து பரவுவதில்லை. நாளடைவில் காய்ந்து களிம்பாகி வழியை அடைத்துக்கொள்கிறது. பிறகு எண்ணெய் செலுத்தினாலும் உள்ளே போகாது. மேலேயுள்ள ரப்பர் வளையம் பிய்ந்திருந்தால் மழைநீர் இறங்கும். பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் பனிக்கட்டி உருகுவதற்காக உப்பு தூவுவார்கள். அந்த உப்புநீரும் சேரும். எஃகு மரையில் துரு பொத்தல் பொத்தலாக அரிக்கும். பொத்தலிலிருந்து நுண்ணிய விரிசல் தொடங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் விரிசல் சிறிது வளரும். ஒருநாள் தண்டு, ட்ரன்னியனுக்குச் சற்று மேலே, இரண்டாக முறியும். சக்கரம் மடிந்து மட்கார்டுக்கு அடியில் சாய, வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும்.

இவ்வாறு முறிவது பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக மெதுவாக முழுத் திருப்பம் திருப்பும்போது நேர்கிறது என்பது ஓரளவு ஆறுதல். அந்த நிலையில்தான் மரைக்கு முறுக்கு அதிகம். எனினும் எப்போதும் அப்படியே நேரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. லோட்டஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற ‘எலான்’ காரிலும் இந்த டிரையம்ப் அமைப்பையே எடுத்தாண்டது. ஆகவே அமைப்பையே குறை சொல்வது நியாயமாகாது. எண்ணெய் கண்ட ட்ரன்னியன் நீண்டகாலம் உழைக்கிறது. மாட்டுவண்டிக்கு மை இடாமல் ஓட்டிவிட்டு அச்சைக் குறை சொல்வாரும் உண்டல்லவா?

பழுதுபார்க்கும் முறை இதுவே. சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் காலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல், கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். டை ராட் எண்டையும் மேல் பால் ஜாயின்டையும் விடுவிக்க வேண்டும். அடுத்து ட்ரன்னியனைக் கீழ்க்கையோடு பிணைக்கும் போல்ட்டு. பல ஆண்டுகள் தொடாமல் விட்டிருந்தால் அது உள்ளிருக்கும் எஃகுக் குழலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுமையும் துரு இளக்கும் எண்ணெயும் முதல் நாள். அறுவாள் இரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அறுவாள் என்றது இரும்பு அறுக்கும் வாளை. போல்ட்டு வந்துவிட்டால் தண்டை வெளியே எடுத்து, ட்ரன்னியனைத் திருகிக் கழற்றலாம்.

இப்போது முடிவெடுக்கும் நேரம். மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், கூடுமானால் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். மரை பளபளவென்று முழுமையாக இருந்தால் தண்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். பொத்தல் இருந்தாலோ, மரையின் முகடுகள் கூராகத் தேய்ந்திருந்தாலோ, தண்டை ஒதுக்கிவிட வேண்டும். புது ட்ரன்னியனின் விலை சொற்பம். தண்டின் விலை அதைவிடக் கூடுதல். ஆகவே ட்ரன்னியனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய தண்டையே திருகிவிடும் ஆசை எவருக்கும் எழும். முறிவது ட்ரன்னியன் அன்று, தண்டு என்பதை அப்போது நினைவில் கொள்ள வேண்டும். விலை மலிவு என்பதற்காக எங்கோ செய்த உருப்படியை வாங்குவதும் இந்த ஓரிடத்தில் வேண்டா. ஆடாமல் இறுகாமல், கையால் திருகும்போது வழுவழுவென்று இறங்குகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது முறை.

இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் சுற்றியவை. மாற்றிப் பொருத்த முயன்றால் மரை கெடும். பொருத்தும்போது குழிக்குள் எண்ணெய் ஊற்றி, ட்ரன்னியனை முடிவுவரை திருகி, பிறகு சற்றே பின்னுக்குத் திருப்ப வேண்டும். அடிவரை இறுக்கியபடியே விட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுவதும் திரும்பும்போது தண்டு குழியின் அடியில் முட்டும். அந்த முட்டலே புது விரிசலுக்கு வித்தாகலாம். நைலான் புஷ்களையும் தூசி தடுக்கும் வளையங்களையும் புதிதாகவே போட வேண்டும். குழியின் அடியில் உள்ள சிறு தட்டின் வழியே எண்ணெய் கசிவதும் உண்டு. பொருத்துமுன் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மற்ற மூட்டுகள் இவ்வளவு தொல்லை தருவன அல்ல. டை ராட் எண்டின் முனை கூம்பு வடிவானது. அது தன் துளைக்குள் இறுகப் பற்றியிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு நுனியிலேயே சுத்தியலால் அடித்தால் மரை நசுங்குமே தவிர முனை வராது. துளையுள்ள கையின் இரு பக்கங்களிலும் இரண்டு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் தட்டினால், துளை கணநேரம் நெகிழ்ந்து முனை தானே கீழே விழும். கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதி வைத்து, புதியதையும் அத்தனை சுற்றே திருகினால், சக்கரத்தின் நேர்த்தி ஏறத்தாழப் பழைய நிலையிலேயே அமையும்.

ரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தக் காரும் தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. ஆகவே பல்வரிசை நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்கிறது. ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் அமைப்பில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் குறைத்து நடுவின் ஆட்டத்தை நீக்கலாம். ஆனால் அளவு மீறினால் ஓரங்களில் இறுகும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக மறுக்கும். அப்படி இறுகும் ரேக்கைச் சரிசெய்யப் பார்ப்பதைவிட, மாற்றிவிடுவதே உத்தமம். இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறைகள் கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். சில ரூபாய் உறையின் கிழிசல் வழியே மணலும் நீரும் புகுந்து ஆயிரக்கணக்கில் விலையுள்ள ரேக்கைத் தின்றுவிடும்.

ரேக்கே சட்டத்தின்மீது ரப்பர்த் துண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. இயந்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகி அவற்றின்மேல் விழுந்தால் ரப்பர் ஊறி நெகிழும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் பின்னரே சக்கரம் அசையும். பெரிய நோய் என்று அஞ்சிய பலருக்கு இந்த ரப்பரை மாற்றியதுமே பாதி ஆட்டம் போயிருக்கிறது. சிலர் ரப்பருக்குப் பதில் அலுமினியத் துண்டு வைப்பர். கை கூர்மையாக உணரும். சாலையின் ஒவ்வொரு கல்லையும் உணரும். பந்தயக்காரருக்கு அது பிடிக்கும், குடும்பத்தோடு போகிறவருக்குப் பிடிக்குமா என்பது ஐயமே.

ரேக்கைக் கழற்றியவர்கள் ஒரு சிறு கம்பியை மறந்துவிடக் கூடாது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் ஹாரனுக்கு வேண்டிய மின்வழியை நிறைவு செய்ய, ரப்பர் மூட்டைத் தாண்டி ஒரு கம்பி போகிறது. அதை மீண்டும் இணைக்காவிட்டால் ஸ்டியரிங் சரியாகி ஹாரன் ஊமையாகிவிடும். மின்கம்பிகள் அனைத்தையும் பிரித்துப்போட்டு இரண்டு நாள் தேடியபின் காரணம் புலப்படும்.

எல்லாம் பொருத்தியபின் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறம் ஓரிரு மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்பது முறை. சரியான அளவை அந்தந்த ஆண்டு மாடலின் கையேடு சொல்லும். இரு டை ராடுகளையும் சம அளவில் திருகினால்தான் ஸ்டியரிங் சக்கரம் நடுவில் நிற்கும். நூறு மைல் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும், எண்ணெய் இட்ட நாளையும் மைல் கணக்கையும் குறித்து வைப்பதும் வேண்டும். இந்த வண்டிகளில் பல இன்று ஆண்டுக்கு ஆயிரம் மைல்கூட ஓடுவதில்லை. அவற்றுக்கு 6,000 மைல் கணக்கு உதவாது. ஓடாத வண்டியிலும் ஈரம் இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழையும் பனியும் தொடங்குமுன் எண்ணெய் செலுத்திவிடுவது பாதுகாப்பு.

எண்ணெய்க்கென்று தனியாக ஒரு கிரீஸ் கன் வைத்திருப்பவர்கள், அது சொட்டுச் சொட்டாக ஒழுகும் என்பதால், அடியில் ஒரு டப்பாவை வைத்துச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். அடுத்து எடுக்கும் கை பழக்கத்தின்படி அதில் கிரீஸை அடைத்துவிடாதிருக்க, அதன்மேல் ‘எண்ணெய்’ என்று பெயின்டால் பெரிதாக எழுதி வைப்பவர்களும் உண்டு.